தொகைக்குறி இல்லாத விடை

மேகலாவிடம் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் படித்தவர்கள் திருவையாற்றைச் சுற்றி எந்த ஊரில் தேடினாலும் அகப்படுவார்கள். உரக்கடை வைத்திருப்பவன், கூட்டுறவு வங்கியில் உட்கார்ந்திருப்பவள், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தவன், யாராக இருந்தாலும் அவள் ஸ்கூட்டியைக் கண்டால் ஒதுங்கி நின்று வணக்கம் சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சட்டைப் பொத்தானை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வார்கள். அப்படி ஒரு பயம். அவள் யாரையும் அடித்ததில்லை, திட்டியதும் அதிகமில்லை. ஆனால் ஒரு வரி விட்டுப்போனால் மேகலா டீச்சர் ஒரு மார்க்கைக் குறைப்பார், அழுதாலும் குறைப்பார், அப்பாவைக் கூட்டிவந்து நிறுத்தினாலும் குறைப்பார் என்பது ஊருக்கே தெரியும்.

ஸ்டெப்புக்குத்தான் மார்க்கு, விடைக்கு இல்லை என்பது அவளுடைய வகுப்பறைச் சட்டம். விடை பக்கத்து பெஞ்சிலிருந்தும் வரும், ஸ்டெப் சொந்தத் தலையிலிருந்துதான் வரவேண்டும் என்பாள். கணக்கில் தடுமாறும் பிள்ளைகளுக்கு அதையே சலுகையாகவும் சொல்லிக்கொடுப்பாள். தொகையிடல் கணக்கா, ஒன்றும் தெரியாவிட்டாலும் படத்தைப் போடு, எஸ் எழுத்தைப் பிடித்து இழுத்த மாதிரி இருக்கும் அந்தத் தொகைக்குறியைப் போடு, இரண்டு மார்க் உனக்கு உண்டு. இப்படிப் படமும் குறியும் போட்டே கரையேறிய பிள்ளைகள் ஏராளம்.

பிறந்தது திருவிடைமருதூர். அப்பா கும்பகோணம் பஸ்ஸில் கண்டக்டர். சில்லறை விஷயத்தில் யாரிடமும் திட்டு வாங்காத கண்டக்டர் என்று பேர் எடுத்தவர், அந்தக் குணம் மகளுக்கும் வந்துவிட்டது. கட்டிக்கொடுத்தது திருவையாற்றுக்குப் பக்கத்தில். கணவன் இளஞ்செழியன் சொந்த நிலத்தோடு கொஞ்சம் குத்தகைக்கும் எடுத்துப் பயிர் வைக்கிறவன். குறுவை, சம்பா, அதற்குப் பிறகு உளுந்து. தண்ணீர் வருமா வராதா என்பதுதான் அவன் வாழ்க்கையின் ஒரே கேள்வி. மனைவியின் கறாரை அவன் ஊரார் முன்னால் கிண்டல் செய்வான், உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொள்வான்.

அந்தக் கறாருக்கு மேகலா விலையும் கொடுத்திருக்கிறாள். நாத்தனார் மகன் அவளுடைய வகுப்பிலேயே படித்தான். பள்ளிக்கூடமே போடுகிற அகமதிப்பீட்டு மார்க்கு பத்து இருக்கிறதே, அதை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு முழுசாகப் போடுவார்கள். மேகலா ஆறு போட்டாள். பையன் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை, வந்திருந்தால் போட்டிருப்பேன் என்றாள். நாத்தனார் அதன் பிறகு சில பொங்கலுக்குப் பிறந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. சீர் கொடுக்க இளஞ்செழியன் மட்டும் போய்வந்தான். மேகலாவுக்கு வருத்தம்தான், ஆனால் தன் மேல் தப்பு என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே மகள் கவிப்ரியா. வேறு பள்ளிக்கூடம், இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கு நன்றாக வரும், ஆனால் அம்மாவின் கணக்கு மாதிரி வராது. மேகலா படி ஏறுவது போல ஒவ்வொரு வரியாக ஏறுவாள். மகள் எங்கிருந்தோ தாவி மேலே நிற்பாள், எப்படி வந்தாய் என்றால் முழிப்பாள்.

பொங்கல் கழிந்த வாரம் ஒருநாள், கவிப்ரியா அடுப்படி வாசலில் உட்கார்ந்து மையத்திலிருந்து பக்கவாட்டில் ஐந்து, மேலே மூன்று என்று அளவு கொடுத்த ஒரு நீள்வட்டத்தின் பரப்புக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பாடப்புத்தக வழி இதுதான்: நீள்வட்டத்தை நாலாக மடித்த மாதிரி ஒரு கால்பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும், அதை மெல்லிய கீற்றுகளாக நறுக்கியதாக நினைத்து, தொகைக்குறி போட்டு எல்லாவற்றையும் கூட்டி, நாலால் பெருக்க வேண்டும். நடுவில் வர்க்கமூலமும் சைன் இன்வர்ஸும் கலந்த ஒரு சூத்திரம் வரும். முக்கால்வாசிப் பிள்ளைகள் விழுகிற இடம் அதுதான்.

கவிப்ரியா புத்தகத்தை மூடிவிட்டு போனை எடுத்தாள். பொங்கலுக்கு வாசலில் போட்ட வட்டக் கோலத்தின் படம் அதில் இருந்தது. விரலால் அதை மேலிருந்து அமுக்கினாள். வட்டம் நீள்வட்டமாயிற்று. அவள் சத்தமாக யோசித்தாள். அகலம் மாறவில்லை, உயரம் மட்டும் அஞ்சுக்கு மூணாகக் குறைந்துவிட்டது. கோலத்தைக் குத்துக் கீற்றாக நறுக்கினால் ஒவ்வொரு கீற்றும் அஞ்சில் மூணு பங்காகச் சுருங்கியிருக்கும். அப்படியானால் மொத்தப் பரப்பும் வட்டத்தின் பரப்பில் அஞ்சில் மூணு பங்குதானே. வட்டத்துக்கு இருபத்தஞ்சு பை, இதற்குப் பதினஞ்சு பை. சூத்திரமே வேண்டாமே அம்மா என்றாள்.

மேகலா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். புத்தக வழியிலும் நடப்பது அதுவேதான். அந்தச் சுருக்கம் தொகைக்குறிக்கு வெளியே வந்து நிற்கும், உள்ளே மிச்சம் இருப்பது வெறும் வட்டம். இத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்திருக்கிறாள், ஒருநாளும் அது இப்படிக் கண்ணுக்கு முன்னால் அமுங்கிக் காட்டியதில்லை. மகளைக் கட்டிப்பிடித்து உச்சிமோந்தாள். சாம்பார் அடிப்பிடித்தது. ஆனாலும் டீச்சர் டீச்சர்தானே, உடனே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தாள். பரீட்சையில் இப்படி எழுதி வைத்துவிடாதே என்றாள்.

பரீட்சையில் அப்படித்தான் எழுதி வைத்தாள் கவிப்ரியா. தொகையிடலைப் பயன்படுத்தி நீள்வட்டத்தின் பரப்பைக் காண்க என்று ஐந்து மார்க் கேள்வி, அளவும் அதே ஐந்து, மூன்று. சூத்திரம் அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. கோலம் ஞாபகம் வந்திருக்கிறது, எழுதிவிட்டாள். தொகைக்குறி ஒன்றுகூடப் போடவில்லை. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மேகலா அவளைப் பிடிபிடியென்று பிடித்தாள். ஒரு குறி போட எவ்வளவு நேரமாகும், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேனே, பெற்ற பிள்ளை இப்படிச் செய்யலாமா, நாலு மார்க் போச்சு என்று பொரிந்து தள்ளினாள். கவிப்ரியாவுக்குச் சென்னையில் ஒரு கல்லூரி மேல் ஆசை. அங்கே அரை மார்க்குக்குப் பின்னால் நூறு பேர் நிற்பார்கள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் தஞ்சாவூரில் விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கியது. ஒரு மாவட்டத்துத் தாள் அந்த மாவட்டத்தில் திருத்தப்படாது. இங்கே வருவது எங்கேயோ எழுதிய பிள்ளைகளின் தாள். பெயர் இருக்காது, ஊர் இருக்காது, மேலே ஒரு டம்மி நம்பர் மட்டும் இருக்கும். ஆளுக்கொரு கட்டு வாங்கிக்கொண்டு, கீ என்று சொல்லுகிற விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடகடக்கும் மின்விசிறிக்குக் கீழே குனிந்தால் டீ வரும்போதுதான் நிமிர்வார்கள்.

மேகலாவின் குழுவுக்குத் தலைமை சிவசங்கரன். ரிட்டயர்மென்ட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் தலைமையாசிரியர், நல்ல மனிதர், பயந்த மனிதர். மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று பிள்ளைகள் போனால் நம் தலைதான் உருளும், போன வருஷம் சிலருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்ததை மறக்காதீர்கள், கீயை விட்டு நகராதீர்கள் என்று தினமும் காலையில் சாமிக்கு மந்திரம் சொல்வது போலச் சொல்வார்.

ஒரு மத்தியானம், சாப்பாடு முடிந்து கண் சொக்குகிற நேரத்தில், அந்தத் தாள் வந்தது. தமிழ் வழியில் எழுதிய தாள். சிறிய, நெருக்கமான கையெழுத்து. நீள்வட்டக் கேள்விக்குப் புரட்டியபோது மேகலாவுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு வட்டம், அதற்குள்ளே பக்கவாட்டில் தொட்டுக்கொண்டு ஒரு நீள்வட்டம், இரண்டையும் வெட்டிக்கொண்டு ஸ்கேல் வைத்துப் போட்ட குத்துக்கோடுகள். பக்கத்தில் எழுதியிருந்தது: ஒவ்வொரு கீற்றின் அகலமும் ஒன்றே, உயரம் மட்டும் ஐந்தில் மூன்று பங்கு, எனவே கூட்டுத்தொகையும் ஐந்தில் மூன்று பங்கு. பரப்பு பதினைந்து பை. தொகைக்குறி இல்லை.

கவிப்ரியாவே எழுதியது போல இருந்தது. அவள் எழுதியது இல்லை, அவள் கையெழுத்து வேறு, அவள் படித்தது இங்கிலீஷ் வழியில். எங்கேயோ இன்னொரு பிள்ளை, சூத்திரம் மறந்த பதற்றத்தில், தானாகவே இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. மேகலாவுக்குப் புல்லரித்தது. பேனா தானாக ஐந்து போடப் போயிற்று.

அங்கேதான் அவள் நின்றாள். ஏன் எனக்கு ஐந்து போடத் தோன்றுகிறது என்று தன்னையே கேட்டாள். இது சரி என்பதாலா, இல்லை என் மகள் இப்படி எழுதியதாலா. போன மாதம் வரைக்கும் இப்படி ஒரு தாள் வந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டாள். படத்துக்கு ஒன்று போட்டுவிட்டு நகர்ந்திருப்பாய். அப்படியானால் இப்போது ஐந்து போடுவது யாருக்குப் போடுவது. நாத்தனார் மகனுக்கு ஒரு நியாயம், பெற்ற மகளுக்கு ஒரு நியாயமா.

பக்கத்தில் இருந்த ரஹ்மத் பீவியிடம் தாளை நகர்த்திக் காட்டினாள். கூத்தாநல்லூர்க்காரி, மேகலாவைவிட மூத்தவள், இரக்கத்தில் கை தாராளம் என்று முகாமில் பேர். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள்.

"புரிஞ்சு எழுதியிருக்கு, மேகலா. இதுதானே தொகையிடல். குறியப் போடல, அவ்வளவுதான். குடுத்துடு."

கீயில் இல்லையே என்றாள் மேகலா. கேள்வியிலேயே தொகையிடலைப் பயன்படுத்தி என்று இருக்கிறதே என்றாள். ரஹ்மத் பீவி, தாள் உன்னுடையது என்பது போல அதை நகர்த்திவிட்டு வேலையைப் பார்த்தாள். மேகலா படத்துக்கு ஒன்று என்று எழுதினாள். சுழித்தாள். அடுத்த தாளை எடுத்தாள். நேர்மையாக நடந்துகொண்டதாகத்தான் அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது.

சாயங்காலம் ஸ்கூட்டியில் திரும்பும்போதுதான் ஆரம்பித்தது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வருவதற்குள் பாலத்துக்கு மேல் பாலமாக ஆறுகளைத் தாண்ட வேண்டும். கோடை, எல்லாவற்றிலும் மணல்தான் கிடந்தது. வெண்ணாற்றுப் பாலத்தில் அந்தக் குத்துக்கோடுகள் ஞாபகம் வந்தன. ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தது, அவசரத்திலும் ஸ்கேல் வைத்திருக்கிறது. குடமுருட்டி தாண்டும்போது அந்தப் பிள்ளை தமிழில் 'எனவே' என்று எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. ஸ்டெப் சொந்தத் தலையிலிருந்து வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாயே, ஒரு தலையிலிருந்து வந்ததைப் பார்த்து ஒன்று போட்டாயே என்று மனசு குத்திக்காட்டியது. மகள் பெயரைச் சொல்லிப் பயந்து, முகம் தெரியாத ஒரு பிள்ளையின் வயிற்றில் அடித்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

வீட்டில் இளஞ்செழியன் உளுந்துச் செடியைக் காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டான். ஒரு பிள்ளைக்கு மார்க் குறைத்துவிட்டேன் என்றாள். நீ குறைக்காமல் வேறு யார் குறைப்பார்கள் என்று சிரித்துவிட்டுக் குளிக்கப் போனான். சாப்பிடும்போது கவிப்ரியா கேட்டாள்.

"என்ன மாதிரி யாராச்சும் எழுதியிருந்தாங்களாம்மா?"

"இல்லடி," என்றாள் மேகலா. மகளிடம் சொன்ன அந்தப் பொய் சோற்றோடு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் முகாமுக்குள் நுழைந்ததும் நேராகச் சிவசங்கரனிடம் போனாள். முந்தின நாள் கட்டு இன்னும் அவர் மேஜையில்தான் இருந்தது, மத்தியானம்தான் உள்ளே போகும், போனால் பிறகு தொட முடியாது என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். சார், ஒரு தாளில் மார்க்கைத் திருத்த வேண்டும், வேறு வழியில் சரியாகச் செய்திருக்கிறது, நான் தவறாகக் குறைத்துவிட்டேன். அவ்வளவுதான், மூன்று வாக்கியம்.

அவர் எழுந்து நாற்காலியைக் காட்டினார். வெயிலைப் பற்றிச் சொன்னார். தன் முதுகுவலியைப் பற்றிச் சொன்னார். பிறகு, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், அன்பாகத்தான் கேட்டார்.

"உங்க பொண்ணும் இந்த வருஷந்தானேம்மா? கணக்குல எப்படி எழுதியிருக்கு?"

மேகலா மேஜையில் இருந்த கட்டைப் பார்த்தாள். இப்போது கட்டைப் பிரித்து இந்தத் தாளைக் காட்டினால், பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். பிறகு என்றைக்காவது கவிப்ரியா எழுதியது எப்படி என்று தெரியவந்தால், மகளுக்காக வழி வெட்டிவிட்டாள் என்பார்கள். நாத்தனார் காதுக்கும் போகும். கறார் டீச்சர் மகள் விஷயத்தில் இளகிவிட்டாள் என்று ஒரு வாய் சொன்னால் போதும், திருவையாறு முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும்.

"நல்லா எழுதியிருக்கா சார்," என்றாள். டோட்டல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்றாள். அதெல்லாம் பார்த்தாயிற்று, உங்கள் கட்டில் என்றைக்குத் தப்பு வந்திருக்கிறது என்று அவர் சிரித்தார். அவள் தன் இடத்துக்கு வந்து அன்றைய கட்டைப் பிரித்தாள். ரஹ்மத் பீவி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் தாளுக்குத் திரும்பினாள். மத்தியானம் டீ வந்தபோது சிவசங்கரனின் மேஜை காலியாக இருந்தது.

அதன் பிறகு மேகலா தனக்குத்தானே ஒரு சமாதானம் கட்டிக்கொண்டாள். சட்டம் என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான். எங்கேயோ ஒரு முகாமில் இன்னொரு டீச்சர் இதே கீயை வைத்துக்கொண்டு கவிப்ரியாவின் தாளிலும் ஒன்று என்று சுழித்திருப்பாள். என் மகளுக்கும் நாலு மார்க் போகும், அந்தப் பிள்ளைக்கும் நாலு மார்க் போகும். யாருக்கும் யாரும் அநியாயம் செய்யவில்லை. இந்த நினைப்பு வந்தபோதெல்லாம் அவளுக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. மகளுக்கு மார்க் குறையட்டும் என்று தாயாக இருந்துகொண்டு உள்ளுக்குள் வேண்டிக்கொள்கிறோமே என்று நினைக்கும்போது அந்தத் தூக்கமும் போய்விட்டது. கவிப்ரியாவின் முகத்தைப் பார்த்துப் பேசவே கூசினாள். பிடித்ததைச் சமைத்துப் போட்டாள், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள், கேட்காமலே சுடிதார் வாங்கிக்கொடுத்தாள். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அப்பனும் மகளும் பேசிக்கொண்டார்கள்.

ரிசல்ட் வந்த அன்று காலையில் மேகலா துணி துவைக்கிற சாக்கில் கொல்லையில் இருந்தாள். உள்ளேயிருந்து கவிப்ரியாவின் சத்தம் கேட்டது. ஓடி வந்து போனைக் கண்ணுக்கு நேரே நீட்டினாள். சோப்பு நுரையோடு இருந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மேகலா பார்த்தாள். கணிதம் நூறு.

அவள் இன்னொரு முறை பார்த்தாள். நூற்றுக்கு நூறு என்றால் நீள்வட்டத்துக்கு ஐந்துக்கு ஐந்து. வேறு கணக்கே இல்லை. எங்கேயோ ஒரு மாவட்டத்தில், இதே மாதிரி கடகடக்கும் மின்விசிறிக்குக் கீழே, ஒருத்தி அந்தக் கோலத்தைப் பார்த்திருக்கிறாள். அவளுக்கும் கீ இருந்திருக்கும், பயமுறுத்த ஒரு சிவசங்கரன் இருந்திருப்பார். பார்த்துவிட்டு ஐந்து போட்டிருக்கிறாள். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று கட்டிக்கொண்ட சமாதானம் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. இதே நேரத்தில் வேறொரு வீட்டில் ஒரு பிள்ளை போனைப் பார்த்துவிட்டு, நாலு மார்க் எங்கே போயிற்று என்று யோசித்துக்கொண்டிருக்கும். அது போன இடம் மேகலாவுக்குத் தெரியும்.

இளஞ்செழியன் கடைத்தெருவுக்குப் போய் அசோகா அல்வா வாங்கிவந்தான். பக்கத்து வீடு, எதிர் வீடு, எல்லோரும் வந்தார்கள். நாத்தனார்கூட போன் செய்து பேசினாள், டீச்சர் பிள்ளை என்றால் சும்மாவா என்றாள். மேகலா எல்லோரிடமும் சிரித்தாள். வந்தவர்கள் கலைந்த பிறகு கூடத்தில் மகளும் அவளும் மட்டும் இருந்தார்கள். கவிப்ரியா அல்வாப் பொட்டலத்தோடு அம்மாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீ நாலு மார்க்கு போச்சுன்னு அன்னைக்கு அந்தக் கத்து கத்துன. பாத்தியா, முழுசாப் போட்டுருக்காங்க. என் பேப்பர் யாரோ நல்ல டீச்சர்கிட்ட போயிருக்கும்மா. உன்ன மாதிரி ஒருத்தங்களாத்தான் இருக்கணும்."

"இல்லடி," என்றாள் மேகலா. "என்ன மாதிரி இல்ல."

அம்மா தன்னடக்கமாகச் சொல்கிறாள் என்று நினைத்துக் கவிப்ரியா சிரித்தாள். ஒரு கை அல்வாவை எடுத்து, வாயைத் திற என்றாள். மேகலா திறந்தாள்.